அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்.
பதினாலில் மழை இறங்கிவிட்டால்
கணக்கப்பிள்ளை நிமிராமலே
அரைப்பேர் போடுவார்.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அதனால்தான் கண்டி ஆஸ்பத்திரியில்
அந்த டொக்டர் பிள்ளை
அப்பாவை ஒரு சதுரமாக வரைந்து
பென்சிலால் கறுப்படித்து
கீழே எங்களுக்குக் கோடு இழுத்தபோது
லயத்தைக் கீறுகிறாள் என்று நினைத்தேன்.

அண்ணனின் காம்பராவும் கறுப்பு.
நான் வட்டம். உள்ளே வெறும் தாள்.
பென்சில் முனையை அதன்மேல் நிறுத்தி
"பாதிக்குப் பாதி" என்றாள் உடைந்த தமிழில்.
அரைப்பேர், என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.

செக்ரோலில் ஒரே பேர்
இரண்டு தரம் விழுந்த மாதிரியாம்.
உடம்பில் ஒரு வரி
கருவிலேயே இரட்டையாய் எழுதுப்பட்டு,
கூடிப்போனது மூளையில் படிகிறதாம்,
கழுவாத கோப்பையில் சாயம் போல.
கை போகும். நடை போகும்.
பிறகு, யார் யாரென்பது.

தோட்டத்தில் இரட்டைப் பேரை
மாதக் கடைசியில் சிவப்பு மையால் வெட்டுவார்கள்.
இதற்கு மை இன்னும் வரவில்லை என்றாள்.

அப்பாவுக்கு நாங்கள் சாராயம் என்றோம்.
மஸ்கெலியாப் பனி என்றோம்.
கயிறு மந்திரித்துக் கட்டினோம்,
அதுவும் சேர்ந்து ஆடியது.
குடிக்காத நாளிலும் அவர் கிளாஸ் தளும்பியதை
நான் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

கலைமோகன் அண்ணன் கவ்வாத்து வெட்டினால்
செடி மேசை மாதிரி நிற்கும்.
ஆடி மாதம் கத்தி முழங்காலில் இறங்கியது.
கங்காணி கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.
இப்போது அவன்
தேயிலைக்கடியில் பிள்ளைகளைப் பார்க்கிறான்.
சின்னப் பிள்ளைகள். பேசாதாம். சிரிக்குமாம்.

எனக்கு முப்பத்தாறு.
விருப்பமென்றால் உங்கள் இரத்தமும் பார்க்கலாம் என்று
அட்டையில் எழுதிக் கொடுத்த திகதி
இரண்டு தரம் கடந்துவிட்டது.
தர்ஷிகா ஒன்பதாம் ஆண்டு,
விஞ்ஞானப் புத்தகத்துக்கு உறை போடுகிறாள்.
என் பாதியில் அவளுக்குப் பாதி.
கால்பேர் என்று தோட்டத்தில் ஒன்று கிடையாது.

கொழுந்து நிறுக்கும்போது
முள் ஆடி நிற்கும் வரை
எல்லாரும் முள்ளைப் பார்க்கிறார்கள்.
நான் கூடையைப் பிடித்திருக்கும் என் விரலைப் பார்க்கிறேன்.

நேற்று ராத்திரி அடுப்புக்கு முன்னால்
"கொஞ்சம் தள்ளு தங்கச்சி,
அதுகள் நனைஞ்சு வந்திருக்கு" என்றான்.

தள்ளினேன்.
ரெண்டு பேர் உட்காருமளவுக்கு.