இரண்டு சென்டிமீட்டர்

மல்லகூட்டாவின் மரத்துறையில்
விடியுமுன் வந்து குந்திவிட்டேன்.
பையில் லைசென்ஸ், குறடு, நனைத்த துண்டு,
எதிர்முள்ளை நசுக்கி மழுக்கிய தூண்டில்,
அடிக்கோல் ஒட்டிய ஒரு பலகை.

டன்டினோங்கிலிருந்து ஆறு மணி நேரக் கார் ஓட்டம்.
புறப்படும்போதே அண்ணி கேட்டாள்:
புளி ஊறப்போடவா?
போடுங்கோ என்றேன்.
என் வாய்தான் எனக்கு எதிரி.

மூன்று மணி நேரம் தண்ணீர் எதுவும் சொல்லவில்லை.
ஒரு பெலிக்கன் மட்டும்
வட்டிக்காசு கேட்டு வந்தவன்போல்
நின்றுகொண்டே இருந்தது.

பிறகு கழி வளைந்தது.
துள்ளல் இல்லை, ஓட்டம் இல்லை;
உள்ளிருந்து யாரோ
கதவைச் சாத்திப் பிடித்த கனம்.

வலையில் ஏறியது தட்டைத்தலை.
யாரோ மிதித்துவிட்டுப் போன சேற்றின் நிறம்,
மேலே மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள்.
செவுள்முள் என் பெருவிரலைக் கிழித்தது.
நியாயம்தான், நான் அதன் வாயைக் கிழித்திருந்தேன்.

கையை நனைத்துப் பலகையில் கிடத்தினேன்.
ஐம்பத்தேழு.
வாலை ஒதுக்கிப் பார்த்தேன், ஐம்பத்தேழு.
மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்,
மூச்சு என்னுடையது, மீன் குறையவில்லை.
ஐம்பத்தைந்துக்கு மேல் திரும்ப ஆற்றுக்கு.

பக்கத்துக் கழிக்காரர் ஐஸ்பெட்டியை மூடிவிட்டு
வானத்தைப் பார்த்தபடி சொன்னார்:
நான் ஒன்றும் பார்க்கவில்லை.
இவ்வளவு கனிவாக
யாரும் என்னைக் களவுக்கு அழைத்ததில்லை.

இந்த இனத்தில் பெரியதெல்லாம் பெண்.
வயிறு பானைபோல் இருந்தது.
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாம்;
இவளுக்கு அதுவே பிணை.

படியிறங்கி, முழங்கால் நனைய,
நீரோட்டத்தை நோக்கி முகம் வைத்துப் பிடித்தேன்.
போகவில்லை.
செவுள் ஒருமுறை. நெடுநேரம் கழித்து இன்னொருமுறை.
வெயிலில் அளந்த அந்த மூன்றாம் தடவையை எண்ணி
எனக்குள் ஏதோ சுருங்கியது.
பிறகு வாலால் ஓர் அறை,
கண்ணெல்லாம் உப்புத் தண்ணீர்,
என் கை வெறுங்கை.

படம் எடுக்கவில்லை.
மதியம்வரை வேறெதுவும் கடிக்கவில்லை.
தூணில் யாரோ அறுத்துவிட்டுப்போன நரம்பு
சிக்குச் சிக்காய்க் கிடந்தது;
அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தேன்.
இன்றைய பிடிப்பு அதுதான்.

அண்ணி, புளியை ரசமாக்குங்கோ.
அகப்படேல்லையோ?
அகப்பட்டது.
எவ்வளவு பெரிசு?

போனைத் தோளில் இடுக்கி
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்,
ஒரு விரற்கடைகூடக் கூட்டாமல்.
பெலிக்கன் பார்த்தது.