கேட் மூடியிருக்கும் நேரம்

ஹெவி லைசென்ஸ் வந்து பதினோரு நாள்.
அட்டையில் இன்னும் தபால் உறையின் பசை.
படத்தில் இருப்பவன்
என்னைவிட நன்றாக ஓட்டுவான் போலிருக்கிறான்.

மன்னார்குடியில் ஒரு கம்பெனி
அசல் லைசென்ஸைக் கேட்டது, பீரோவில் வைத்துக்கொள்ள.
கூடவே எழுதாத பத்திரத்தில் ஒரு கையெழுத்தும்.
காரைக்கால் நிலக்கரிக்காரர்கள் நடைக்கு இவ்வளவு என்றார்கள்.
ஒரு நடை எத்தனை மணி நேரம் என்றேன்.
மின்விசிறியைப் பார்த்தார்கள்.
கொள்ளிடக் கரையில் ஒருவர் சம்பளமே பேசவில்லை.
"நைட்டுல கண்ணு தெரியுமா?" என்றார்,
அவ்வளவுதான்.

அதனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு வந்தேன்.
எந்தக் கம்பெனி லாரியானாலும்
இங்கே நின்றுதான் ஆக வேண்டும்.
நெல் ஏற்றும் சரக்கு ரயில்
முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக
இருபது நிமிஷம். சில நாள் நாற்பது.
மாசி வெயிலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களுக்கு அடுத்து
வண்டி வண்டியாக ஏறி இறங்கியவன் நான்தான்.
பிளாஸ்டிக் பைலைச் சட்டைக்குள் செருகி
படியில் ஒரு கால் வைத்துக் கேட்பேன்:
டயர் வெடிச்சா யார் காசு?
வீட்டுல கடைசியா எப்பத் தூங்குனீங்க?

வடுவூர் வீரசேகரன் ஒரு குட்டி நோட்டைக் காட்டினார்.
நனைந்த எட்டு மூட்டைக்கு
சம்பளத்தில் பிடித்த கணக்கு.
தார்ப்பாய் கம்பெனியுடையது,
அதன் ஓட்டையும் கம்பெனியுடையது,
மழை மட்டும் அவருடையது.

நிலக்கரி வண்டியில் ராயப்பன்
ஸ்டீயரிங்மேல் தூங்கிக்கொண்டிருந்தார்.
கதவைத் தட்டினேன்.
"சேராதே" என்றார் கண் திறக்காமல்.
எந்தக் கம்பெனி என்று நான் இன்னும் சொல்லவில்லை.

வரிசையில் எஞ்சினை அணைத்திருந்தது ஒரே ஒரு வண்டி:
தையல்நாயகி டிரான்ஸ்போர்ட், வலங்கைமான்.
குள்ள மனிதர். முதுகுக்குப் பின்னால் தலையணை.
வெள்ளரிப்பிஞ்சில் பாதியை ஒடித்து நீட்டி,
"ரிவர்ஸ் எடுப்பியா?" என்றார்.
"பயம்ண்ணே."
அவர் சிரிக்கவில்லை.
"எங்க கம்பெனியில மட்டும் ஒண்ணு தம்பி" என்று ஆரம்பித்தார்,
கேட் தூக்கியது.

இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் பஸ்,
நடுவில் பால் கேன் கட்டிய டிவிஎஸ்.
கதவோடு ஓடினேன்.
கேன் இடித்து முழங்கால் தோல் போனதுதான் மிச்சம்.
வாக்கியத்தின் மீதி
கும்பகோணம் சாலையில் புகையோடு போய்விட்டது.
மட்டும் என்பதற்குப் பிறகு
நல்லதும் வரலாம், கெட்டதும் வரலாம்.

மூன்று நாள் நின்றேன். அந்த வண்டி வரவில்லை.
நான்காம் நாள் வலங்கைமான் போனேன்.
பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
வேலியில் காய்ந்த தார்ப்பாயில்
பதின்மூன்று ஒட்டு. எண்ணினேன். எல்லாம் தைத்திருந்தது.
கணக்குப் பார்க்கும் தமயந்தி அக்கா
ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு
அசலை என் பக்கம் தள்ளினார்.
அந்தக் குள்ளமான டிரைவர் இருக்காரா என்றேன்.
"குஞ்சிதபாதமா? திங்கக்கெழமையே நின்னுட்டாரே."
"ஏன்?"
பேனா மூடியைத் தேடினார், கையிலேயே இருந்தது.
"அவரு வண்டிதான் காலியா இருக்கு" என்றார்.

வாசலில் மன்னார்குடி பஸ் நின்றது.
நடத்துநர் என்னைப் பார்த்து ஒருமுறை விசில் ஊதினார்.
பஸ் போன பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இன்று கேட் மூடியிருக்கிறது.
சீட் துருப்பிடித்து முன்னாலேயே நின்றுவிட்டது,
முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கிறது.
தலையணையை அவர் எடுத்துப் போகவில்லை.
நேற்று பெய்ததில் மூன்று மூட்டை ஈரம்;
சனிக்கிழமைதான் சம்பளம்.
எஞ்சினை அணைக்கிறேன்.
ரயில் முன்னே போகிறது, பின்னே வருகிறது.
எங்க கம்பெனியில மட்டும் ஒண்ணு
என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறான்,
கேட் தூக்காமலே.