கொப்பரைக் குடோனின் மேற்குச் சுவர்

மூலனூர் ரோட்டில் அறுபதடிச் சுவர்
என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.
அதனால் வந்தார்கள்.
"மேக்காலச் செவுரு மட்டும் குடுங்க, போதும்" என்றாள் நாச்சாத்தாள்,
நான் கையெழுத்துப் போட்டது தெரியாதவள் போல.
தெரியும். ஊருக்கே தெரியும்.

சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன்.
அவ்வளவுதான் என் பங்கு.

வரைய வந்தவள் மெர்சி, போத்தனூர்க்காரி.
முதல் நாளே சுவர் முழுக்கப் பச்சை இழுத்தாள்,
ஆத்துப் பாசனத்து நெல்லைப் போல.
ஆடு ஓட்டிவந்த ரங்காத்தாள் நின்று பார்த்தாள்.
"இது எந்த ஊருக் காடு கண்ணு?
நம்முளுது மழ பேஞ்சா ரெண்டு மாசம் பச்ச.
மீதிக்கு இந்த நெறம்."
சேலையில் ஒட்டியிருந்த கொழுக்கட்டைப்புல் கதிரைப்
பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த நிறம் எந்த டப்பாவிலும் இல்லை.
மஞ்சளில் வெள்ளை, துளி செம்மண், கொஞ்சம் சாம்பல்.
மூன்று நாள் கலக்கினாள்.
நாலாம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி
கொறங்காட்டுக் கடவுக்குள் போய்
புல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
சிரித்துக்கொண்டே வந்தாள்.

பிறகு காடு தானாகச் சுவரேறியது.
கிளுவை வேலி. வெள்வேல மரத்தில் பொன்வண்டு.
நரிப்பயற்றுக் கொடிக்குள் முட்டைமேல் காடை.
தொண்டையை விசிறியாய் விரிக்கும் ஓணானை மட்டும்
பையன்கள் கெஞ்சியதால் ஆட்டைவிடப் பெரிதாய் வரைந்தாள்.
புல்லைவிட வேரை நீளமாக விட்டாள்;
அது சிமெண்டுத் தரையில் இறங்கி
நான் வண்டி நிறுத்தும் இடம்வரை வந்தது.

அப்புறம் ஆட்கள்.
சோலார் கம்பெனியின் ஜேசிபிக்கு முன்னால்
பதினோரு நாள் குந்தியிருந்தவர்கள்.

"மாரனைப் போயி முன்னாலயா..." என்று ஒருத்தர் இழுத்தார்.
"மொதல்ல குந்துனது ஆருங்க?" என்றாள் நாச்சாத்தாள்.
இழுத்தவர் டீ குடிக்கப் போனார். போனவர்தான்.
மாரன் முன்வரிசையில் இருக்கிறார்.
துண்டு தோளில். கக்கத்தில் அல்ல.

எஃப்ஐஆரில் பதினாலு பேர்.
சுவரில் பதினாறு:
தினமும் சோறு கொண்டுவந்த ஷம்சாத்,
கூடவே ஒரு செவலை நாய்.

கம்பெனி நீட்டிய தாளில்
'நிலத்தின் தன்மை' என்றொரு கட்டம் இருந்தது.
என் ஐந்து ஏக்கருக்கு நேரே 'தரிசு' என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்,
பள்ளிக்கூடத்தில் அதற்கு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன்.
கம்பெனி வேறு பக்கம் போய்விட்டது.
முன்பணம் இன்னும் பாங்கில் கிடக்கிறது.
அதை எடுக்கவும் தோன்றவில்லை, திருப்பவும் தோன்றவில்லை.

சுவரின் நடுவில் ஒரு மரச்சன்னல்.
கொப்பரைக்குக் காற்று வேண்டுமல்லவா.
அந்தப் பதினோரு நாளும் அதன் வழியாகத்தான் பார்த்தேன்:
ராத்திரியில் செல்போன் வெளிச்சங்கள்,
யாரோ இருமுவது,
நாலாம் நாள் மழையில் ஒரே தார்ப்பாய்க்குள்
அத்தனை தலைகள்.

"இந்தச் சன்னல என்னங்க பண்றது, அடச்சுரலாமா?"
என்று மெர்சி கேட்டாள்.
"இருக்கட்டும்" என்றேன்.
மாரனுக்கும் ரங்காத்தாளுக்கும் இடையில்
ரெண்டு கதவிலுமாகச் சேர்த்து
ஒரு ஆக்காட்டிக் குருவி வரைந்தாள்.
எல்லாம் தெரிந்து வரைந்தாளா என்று கேட்கவில்லை.
மூடினால் முழுக் குருவி.
திறந்தால் அது பிளந்து
நடுவில் ஒரு ஆள்.

திறப்பு விழாவுக்கு நான் ஈரோடு போயிருந்தேன்.
வேலை ஒன்றும் இல்லை.

இன்றைக்கு மூட்டம்.
இப்படியே விட்டால் ஏழு டன்னும் பூஞ்சை பிடித்துவிடும்.
கொண்டியில் கை வைத்து நிற்கிறேன்.
வெளியே பஸ் நின்று போகிறது, ஆடுகள் போகின்றன.
எதிர்க் காட்டுக்குள்ளிருந்து
நிஜக் குருவி ஒன்று
கத்தத் தொடங்குகிறது.