இளஞ்சிவப்பு

உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, லுக்யான்.
எனக்கு நீங்கள் ஒரு பட்டைக்குறி,
விரல் நீளத்தில் ஒரு குழாய், அதன் மூடி.
தார்த்து மருத்துவமனையின் அடித்தளத்தில்
இரவுப் பணிக்காரி ஹெல்வே நான்.

பெய்ப்ஸி ஏரியின் பனிமேல்
பெர்ச் மீனுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தீர்களாம்.
விழுந்ததைப் பார்த்தவன் அடுத்த துளைக்காரன்.
கையுறையைக் கழற்றாமலே நெஞ்சை அழுத்தினானாம்,
பத்தொன்பது நிமிடம்,
கீழே பனி முனகுவதைக் கேட்டுக்கொண்டே.
இதயம் திரும்பிவிட்டது.
அதோடு நீங்களும் திரும்பினீர்களா என்பதைத்தான்
மேலே எல்லோரும் கேட்கிறார்கள்.

மூளையின் அணுக்கள் சத்தம் போட்டுச் சாவதில்லை.
ஒரு நொதியை ரத்தத்தில் கசியவிட்டுப் போகின்றன.
அது ஒன்றிரண்டு நாளில் என் மேசைக்கு வருகிறது.
மேற்கே எங்கோ எரிந்த வீட்டில்
எத்தனை அறை மிஞ்சியது என்று
ஆற்றில் மிதந்துவரும் கரியை வைத்துச் சொல்லும் வேலை.

முதல் நாள் முப்பத்தொன்று.
இரண்டாம் நாள், விடியற்காலை நாலே கால்,
எண்பத்தெட்டு என்றது திரை.
அறுபதைத் தாண்டினால் மேலே குரல்கள் தாழ்ந்துவிடும்.
ஒற்றை எண்ணை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை, தெரியும்.
கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள்,
மின்னலைகளைப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள்.
ஆனாலும் எண்பத்தெட்டு,
தராசுத் தட்டில் விழுந்த கல்.

அனுப்பும் பொத்தானில் விரல் இருந்தது.
குழாயைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தேன்.
பழக்கம்தான்,
வேறொன்றுமில்லை.
வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம்
இளஞ்சிவப்பாக இருந்தது,
பீட்ரூட் நறுக்கிய பலகையைக் கழுவிய தண்ணீர்போல.

சிவப்பணுக்களுக்குள்ளும் அதே நொதி உண்டு.
ஊசியை இறுக்கி இழுத்தார்களோ,
குழாயைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தார்களோ,
அணுக்கள் உடைந்து
மூளை சொல்லாததையெல்லாம்
மூளையின் குரலிலேயே சொல்லிவிட்டன.
இயந்திரமும் எச்சரித்திருந்தது,
சின்ன எழுத்தில், திரையின் மூலையில்.
நாலே காலுக்கு மூலைகளை யார் பார்க்கிறார்கள்?

"மறுபடி எடுங்கள்" என்றேன் தொலைபேசியில்.
மருத்துவர் காங்ரோ சற்று நேரம் பேசவில்லை.
"அவர் மனைவி என் பக்கத்தில்தான் நிற்கிறார், ஹெல்வே."
பின்னால் ஒரு பெண்குரல், ரஷ்ய மொழியில்:
அது அவரிடம் மிச்சமிருப்பதன் எண்ணா,
போனதன் எண்ணா?

போனதன் எண், ஃபெவ்ரோனியா.
தரையில் சிந்திய பாலை நான் அளக்கிறேன்.
பாத்திரத்தில் எவ்வளவு இருந்தது என்று
எனக்கு யாரும் சொல்வதில்லை.
இதைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
இணைப்பு போய்விட்டது.

இரண்டாவது குழாய் நாற்பத்தேழு.
மறுநாள் நாற்பத்தொன்று.
இறங்குமுகம், நல்லதுதான்.
ஆனால் வெளுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை.
மார்ச் மாதத்து ஏரிப் பனியின் நிறம் அது,
மீனவர்கள் கோலால் தட்டித் தட்டி
கால் வைக்கும் பனி.

அதன்பிறகு ஒன்பது இரவுகள்
என் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.
பகல் பணிக்காரர்களிடம் போயிருக்கலாம்.
வேறெங்காவதும் போயிருக்கலாம்.
தேடிப் பார்க்க எனக்கு உரிமையில்லை,
இல்லாத பெயருக்குக் கணினியும் காரணம் சொல்வதில்லை.

பத்தாம் இரவு ஒரு குழாய் வந்தது.
நான்காம் மாடி, மறுவாழ்வுப் பிரிவு.
பொட்டாசியம், சர்க்கரை. அவ்வளவுதான்.
விளக்குக்கு எதிரே பிடித்தேன்:
வைக்கோல் நிறம், தெளிவு.

மனைவியின் பெயர் உங்களுக்கு வருகிறதா,
வெங்காயத்தை எப்போது ஊன்றுவது என்று தெரிகிறதா,
அந்தத் துளை, அந்தக் காலை,
ஏதாவது?
இந்தக் குழாயில் அதெல்லாம் இல்லை.
பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு,
யாரையும் எழுப்பத் தேவையில்லாத எண்.
சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல்.
யாரோ தேநீரில் ஜாம் கலந்து
கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறார்கள்.