இருமலுக்கு

ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்கிறது அட்டவணை.
பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஐந்து முப்பத்திரண்டு.
பையில் அரைக் கிலோ கொத்திய மாட்டிறைச்சி,
வழியெல்லாம் பனி விட்டு
என் முழங்காலில் சொட்டிக்கொண்டு வந்தது.
நாளைவரை தாங்காது.

சாட்ஸ்வர்த்தின் இந்தச் சரிவில்
வீடுகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்.
ஒரு சுவர், இரண்டு குடும்பம்.
அந்தப் பக்கம் என் அக்கா கோகிலம்.
புரட்டாசி. சட்டி தனி, கரண்டி தனி,
முட்டை உடைத்த கையை வாசலிலேயே
கழுவச் சொல்லும் மாதம்.
இந்தப் பக்கம் நான்,
கூடாரச் சபையில் முழுகி எழுந்து பதினோரு வருஷம்.

பாங்காக் எந்தத் திக்கில் இருக்கிறது
என்றுகூடத் தெரியாது எனக்கு.
லோஷ்னிதான் போனில் காட்டினாள்:
ஒரு பெண், ஒரு வாணலி, கால் மணி நேரம்.
பூண்டும் மிளகாயும் நசுக்கு, இறைச்சியைக் கொட்டு,
சோயா, மீன் சாறு, துளி சர்க்கரை,
கடைசியில் கைப்பிடி இலை.
என்ன இலை? பெரிதாக்கிப் பார்த்தேன்.
துளசி.

அடப் பாவமே,
உலகத்தில் வேறு இலையா இல்லை?

வேலிக்கு மேல் எக்கினேன்.
"அக்கா, நாலு இலை துளசி."
"எதுக்கு?"
"இருமலுக்கு."

என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.
செடியிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு
நாலு கேட்டதற்கு ஒரு கைப்பிடி கிள்ளித் தந்தாள்.
"தேன் விட்டுக் குடி."

அடுப்புத் தட்டு சிவக்கவே மூன்று நிமிடம் தின்றது.
மிளகாய் மூன்று என்றது செய்முறை.
செய்முறைக்கு டர்பன் தெரியாது. ஏழு போட்டேன்.
மீன் சாறு இல்லை;
டப்பாவின் அடியில் கிடந்த காய்ந்த இறாலை
இடித்துத் தூவினேன், கடல் கடல்தானே.

எண்ணெயில் மிளகாய் விழுந்ததும் எழுந்தது ஒரு புகை.
லோஷ்னி ஜன்னலைத் திறந்து இருமினாள்.
குளியலறைக்குள்ளிருந்து பூபாலன் இருமினான்.
கண்ணில் நீர் வழிய, கரண்டியை விடாமல்
நானும் இருமினேன், பொய் சொன்ன அதே தொண்டையால்.
சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி இருமினாள்.

இறைச்சியை உடைத்து, உடைத்து,
நீர் வற்றி, ஓரம் கறுத்து மொறுமொறுத்தபோது
ஐந்து ஐம்பத்து மூன்று.
இப்போது இலை.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
வெறும் செடி என்பார் போதகர்.
வெறும் செடிதான்.
ஆனால் கிள்ளுமுன் அவள் முணுமுணுத்தாளே,
அந்த வாயசைவு காம்பில் இன்னும் ஒட்டியிருந்தது.

தம்ளரில் தண்ணீர் பிடித்துச் செருகி வைத்தேன்.
வாணலியில் கறிவேப்பிலையை உருவிப் போட்டேன்.
படபடவென்று வெடித்தது.
தாய்லாந்து வந்த வழியே கொஞ்ச தூரம்
திரும்பிப் போனது.

மூன்றாவது முட்டை பொரியும்போது
ஊரே அணைந்தது.
மிச்சச் சூட்டில் அது தன்பாட்டில் வெந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோறு.
"என்ன இது, சீனாக் கறியா?" என்ற பூபாலன்
இரண்டாம் தரமும் வாங்கினான்.
"இது அது இல்லைம்மா" என்றபடி
தட்டை வழித்தாள் லோஷ்னி.

இருட்டில் சுவர் மெலிந்துவிடும்.
நாற்காலி நகர்ந்தது. பிறகு குரல்:
"நவமணி, இருமல் எப்படி இருக்கு?"
"பரவாயில்லைக்கா."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"ரொம்ப மணக்குதடி உன் இருமல்."

சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன்.
நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.

"இன்னும் ஒன்பது நாள்தான் மாசம் முடிய" என்றாள்,
சுவரிடம் சொல்வதுபோல்.
"கோழியில வருமா அது?"