நாற்பத்தொரு கேள்விகள்

அலமாரியின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து
என் வகுப்பை நானே படம்பிடித்தேன்.
இரவு சமையலறை மேசையில் ஓடவிட்டேன்.
சிலோயே தீவின் மழை
தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.
கேள்விக்கு ஒரு கோடு என்று
நோட்டின் பின்னட்டையில் கீறினேன்.

நாற்பது நிமிடம்.
நாற்பத்தொரு கேள்விகள்.
முப்பத்து மூன்றுக்கு
பதில் சொன்னவள் நான்.

"எது பெரியது?" என்கிறாள் திரையிலிருப்பவள்.
ஒரு மூச்சு.
அதற்குள் "புரிஞ்சுதா? சரி, அடுத்தது."
தூண்டில் போட்டவள்
தக்கை அசையும் முன்பே சுண்டி இழுக்கிறாள்.
எட்டு வருடமாக
வெறும் முள்ளைக் கரையேற்றியிருக்கிறேன்.

எலியானா, வாயைக் கொஞ்சம் மூடு.

வியாழக்கிழமை பலகையில் எழுதினேன்:
0,35
0,4
(இங்கே புள்ளிக்குப் பதில் கமா.)
"எது பெரியது?
கை தூக்க வேண்டாம். முதலில் அவரவர் தாளில்.
எல்லாரும். இக்னாசியோ, நீயும்தான்."
சாக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்,
கை அதைத் தேடக் கூடாதென்று.

ஒன்று. இரண்டு.
மூன்றில் நாக்கு அரித்தது.
நான்கில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
ஐந்தில் அக்கரைக்குப் போகும் படகு ஊதியது.
ஆறு.
ஏழாவது நொடியில் எழுந்தான் மைக்கோல்:
"0,35தான். நாலைவிட முப்பத்தஞ்சு பெருசு."
பாதி வகுப்பு அதையே எழுதியிருந்தது.

'தப்பு' பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
விழுங்கினேன்.
"அந்த முப்பத்தஞ்சு எங்கிருந்து வந்துச்சு, மைக்கோல்?"
"நீங்கதானே டீச்சர் அப்படி வாசிச்சீங்க,
கமா முப்பத்தஞ்சுன்னு."

நான் விதைத்த களை.
யாரைக் கடிந்துகொள்வது?

பிறகு வந்த மௌனத்தை நான் எண்ணவில்லை.
பள்ளி திறந்ததிலிருந்து வாய் திறக்காத அயெலேன்,
சந்தையில் சிப்பி நிறுக்கிறவளின் மகள்,
மேசையிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"தராசு முள்ளு 0,35ஐத் தாண்டித்தான் 0,4க்குப் போகும்.
இன்னும் ரெண்டு மூணு சிப்பி போடணும்."

நான் 'சபாஷ்' சொல்லவில்லை.
"அவ சொன்னதை
வேற யாராவது உங்க வார்த்தையில சொல்லுங்க."
மைக்கோலே வந்தான்.
கோடு போட்டான், பத்தாகப் பிரித்தான்,
ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக,
கோணல்மாணலாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.
அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுகிறது.
இதுவும் இன்றுதான் தெரியும்.

மணி அடிக்குமுன் பெயரில்லாத துண்டுச்சீட்டுகள்:
இன்றைக்கு எங்கே வழுக்கியது?
ஒன்றில், "புரிஞ்ச மாதிரி தலையாட்டுவேன். இன்னைக்கு ஆட்டல."
ஒன்றில் ஒரு சிப்பிப் படம் மட்டும்.
ஒன்றில், "ரொம்ப நேரம் பேசாம இருந்தீங்க.
உடம்பு சரியில்லையா?"

வெள்ளிக்கிழமை அயெலேன் மறுபடி ஊமையானாள்.
நானும் இரண்டு முறை அவசரப்பட்டேன்.
இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை
சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கேட்டபோது
ஏழு பேர் இன்னும் முப்பத்தஞ்சிலேயே நின்றார்கள்.
யார் யார் என்று இப்போது தெரியும்.

பின்னட்டையில் புதிய கோடுகள்:
கேள்விகள் பதினொன்று.
நானே பதில் சொன்னவை நான்கு.
அதில் ஒன்று,
"ஜன்னலை யார் சாத்துறீங்க?"
எழுந்துபோய் நானே சாத்தினேன்.
சாரல்
ஏழு நொடி காத்திருக்காது.