இளஞ்சிவப்பு, வெள்ளை

கூண்டில் நிற்பவனுக்காகப் பேசப்போனால்
வழக்குக் கட்டு இளஞ்சிவப்பு நாடாவில் வரும்.
அரசுக்காக என்றால் வெள்ளை.
முப்பத்தொரு வருடம் அவிழ்த்ததெல்லாம்
ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

கார்ல் என்ட்விசில். கொலை.
பிரஸ்டன் நீதிமன்றத்துக்குக் கீழே
ப்ளீச் நெடியடிக்கும் அறையில்
"நான் செய்யல" என்று அவன் சொல்லவேயில்லை.
"நாய்க்கு யார் சாப்பாடு வைப்பாங்க?" என்றான்.

ஒன்பதாம் நாள் ஜூரிகள் பன்னிரண்டு பேரும்
அவன் முகம் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள்.
முடிந்தது என்று பேனாவை மூடினேன்.
குற்றவாளி அல்ல.
செத்துப்போன பையனின் அப்பா
கோட்டுக் கைக்குள் கையை நுழைக்கத் தெரியாமல்
திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்.

பதினோரு வருடம் கழித்து, அதே ஊர் ஸ்டேஷன்.
மழை. வண்டி தாமதம்.
விக் இல்லாத என்னை யாருக்கும் தெரியாது.
டீக்கடைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.
"ஏதாவது பேசுங்க."
"ஒரு டீ" என்றேன்.
"அதே குரல்தான்.
எங்க கார்லை வெளியே கொண்டுவந்த குரல்.
போன வருஷம் என் பையனை
உள்ளே போட்ட குரல்."

மறுக்க என்ன இருக்கிறது?
இரண்டு பேச்சையும் ஒரே சமையலறை மேசையில்
ஒரே பேனாவால்தான் எழுதினேன்.
இரண்டிலும் 'உங்கள் மனசாட்சி'க்கு முன்னால்
மூச்சுவிட ஒரு சின்னக் கோடு.

சில்லறையை எண்ணி
விரல் படாமல் உள்ளங்கையில் போட்டாள்.
டீயில் சர்க்கரை இருந்தது.
நான் கேட்கவில்லை.
வண்டி வரும்வரை குடித்தேன்.